மீன் தொட்டியும் ஒரு வயல்தான்



மீன் வளர்ப்பு என்றால் ஏரி, குளம், பண்ணைக்குட்டை, கட்லா, ரோகு என்றுதான் நம் நினைப்பு போகும். இன்றைய பேச்சு அதைவிடச் சின்ன சமாசாரம் பற்றியது. கூடத்தில் ஸ்டூல் மேல் வைக்கிற கண்ணாடித் தொட்டி. அதில் விடுகிற தங்கமீன், கப்பி, மோலி. "இது பட்டணத்துப் பொழுதுபோக்கு ஆச்சே, நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள்.

இரண்டு காரணம் உண்டு. வண்ணமீன் இன்று பொழுதுபோக்கு மட்டும் இல்லை. சென்னைக் கொளத்தூரிலும் அதைச் சுற்றியும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. கொல்லையில் நாலு சிமெண்டுத் தொட்டி கட்டி, குஞ்சு எடுத்து விற்கிறவர்கள் கிராமங்களிலும் இருக்கிறார்கள். இது முதல் காரணம். இரண்டாவது காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. வயலில் நீங்கள் யூரியா போட்ட பிறகு மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறதோ, அதேதான் அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. அதை மனிதன் தெரிந்துகொண்ட கதையில் ஒரு தகப்பனும் மகனும் வருகிறார்கள். தகப்பன் மீன் தொட்டிக்கு முறை வகுத்தவர். மகன் வயல் மண்ணை ஆராய்ந்தவர். தகப்பனுக்குப் புரியாமல் போன ஒரு விஷயம் மகனுக்கு மண்ணில் கிடைத்தது.

முதலில் நம் வீட்டுச் சங்கதியைப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி வாங்குகிறோம். கணக்குப் போட்டால் 2 கன அடி. சுமார் 56 லிட்டர். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று இருபது மீனை ஒரே நாளில் விடுகிறோம். நாலு நாள் எல்லாம் நன்றாக இருக்கும். அப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் வேகமாக அடிக்கும். பத்தாம் நாளுக்குள் ஒவ்வொன்றாக மிதக்கும். தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும்! "கண் பட்டுப் போச்சு" என்பார் ஒருவர். "கடைக்காரன் நோஞ்சான் மீனைக் கொடுத்துட்டான்" என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு அந்தத் தெளிந்த தண்ணீரில் இருக்கிறது.

மூங்கில் குழாய் வைத்தியம்

தங்கமீனை வளர்க்க ஆரம்பித்தவர்கள் சீனர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, சோங் அரச வம்சத்தின் காலத்தில், செம்மீன்களைக் குளங்களில் பேணி வளர்த்தார்கள். பிறகு மிங் வம்சத்தின் காலத்தில் வீட்டு முற்றத்துக்குள் பெரிய சுடுமண் தொட்டிகளிலும் பீங்கான் தொட்டிகளிலும் விட்டார்கள். குளத்திலிருந்து தொட்டிக்கு வந்த அன்றைக்கே தண்ணீர்ப் பிரச்சினையும் கூடவே வந்துவிட்டது.

1596-ல் ஜாங் சியாந்தே என்பவர் இந்தச் செம்மீன்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். ஆற்று நீர், ஏரி நீர் நல்லது; தெளிந்த கிணற்று நீர் அடுத்தபடி என்கிறார். தண்ணீர் மாற்றி ஓரிரு நாளில் அடியில் அழுக்குத் தங்கும்; ஒரு மூங்கில் குழாயால் அதை அடிக்கடி உறிஞ்சி எடுத்துவிட்டால் வாலும் துடுப்பும் அழுகாது என்கிறார். ரசாயனம் தெரியாத காலம் அது. ஆனாலும் கைப்பழக்கத்தில் சரியான வைத்தியத்தைப் பிடித்துவிட்டார் பாருங்கள். இன்றைக்கும் ரப்பர் குழாயை வைத்து நாம் செய்வது அதே காரியம்தான்.

மேல்நாட்டில் இது புதுசு. லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்ற அரசாங்க அதிகாரி நாட்குறிப்பு எழுதி வந்தார். 1665 மே மாதத்தில், ஒரு வீட்டில் கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் வெளிநாட்டு மீன்கள் இருப்பதைப் பார்த்து அதிசயப்பட்டு எழுதியிருக்கிறார். அவை அப்படியே என்றைக்கும் உயிரோடு இருக்கும் என்று அவரிடம் சொன்னார்களாம். என்றைக்கும்! அதற்குப் பின் இருநூறு வருஷ காலம் தண்ணீரைக் கொட்டுவதும் ஊற்றுவதும்தான் அங்கே மீன் வளர்ப்பு.

பன்னிரண்டு கேலனுக்கு இரண்டு மீன்

1770-களில் விஷயம் கொஞ்சம் வெளிச்சமானது. 1771-ல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மறுபடி நல்லதாக்குகிறது என்று கண்டார். 1779-ல் இஞ்ஜன்ஹவுஸ் என்ற மருத்துவர், செடி அந்த வேலையை வெயில் வெளிச்சத்தில்தான் செய்கிறது என்று காட்டினார். பிராணிகள் பிராணவாயுவை எடுத்துக் கரியமிலவாயுவை விடுகின்றன. செடிகள் வெளிச்சத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கின்றன. சரி, மீனையும் செடியையும் ஒரே பாத்திரத்தில் வைத்தால் தண்ணீரே மாற்ற வேண்டாமே?

இதைச் செய்து பார்த்தவர்தான் நான் சொன்ன தகப்பன். பெயர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் மருந்தாளர் சங்கத்தில் ரசாயன நிபுணர். 1849-ல் 12 கேலன் பிடிக்கிற கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தார். பாதி அளவுக்கு ஊற்று நீர் விட்டார். மணல், சேறு, சில கற்கள் போட்டார். வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டார். நாடா மாதிரி நீண்ட இலையுள்ள செடி, நம் ஓடைகளிலும் உண்டு. சின்னத் தங்கமீன் இரண்டை விட்டார். கொஞ்ச நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. பாசி ஏறியது. குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது; நத்தை முட்டை மீனுக்குத் தீனியானது. தண்ணீர் தெளிந்தது. மாதக்கணக்கில் மாற்றாமலே நின்றது. 1850-ல் இதை ரசாயன சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 12 கேலன் என்பது சுமார் 54 லிட்டர். ஏறக்குறைய நம் இரண்டடித் தொட்டிதான். அதில் அவர் விட்டது எத்தனை மீன்? இரண்டு. அதுவும் குளிர்ந்த சீமையில். நாம் விடுவது இருபது. தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடு என்றால் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். நம் ஊரில் மூச்சுக்காற்று குறைச்சல். மூச்சுவிடுகிற வாய் மட்டும் பத்து மடங்கு!

தொட்டி மோகம்

வாரிங்டனின் முறை ஊரெல்லாம் பரவியது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரியை 1845-லேயே எடுத்துவிட்டார்கள், கண்ணாடி மலிவாகிவிட்டது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்காக ஒரு மீன் கூடம் திறந்தார்கள். அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற பெயரையே பிரபலமாக்கியது. வீட்டுக்கு வீடு தொட்டி. வாங்கினவர்கள் மீனை வாங்கினார்கள். வாரிங்டனின் பொறுமையை வாங்கவில்லை. ஒரு தொட்டியில் பத்து, பதினைந்து என்று அடைத்தார்கள். தண்ணீர் நாறியது. மீன் செத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மோகம் தணிந்து, தொட்டிகள் பல மூலைக்குப் போய்விட்டன.

அந்த நாளில் புத்தியாக நடந்தவர்களும் உண்டு. அன்னா தின் என்ற அம்மையார் 1846-லேயே கடல் பவளங்களை லண்டன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். எப்படி? திறந்த ஜன்னல் அருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றும்படி வேலைக்காரப் பெண்ணை ஏவினார். நாம் காபி ஆற்றுவது மாதிரிதான். இன்றைய ஏர் பம்ப் செய்கிற வேலையை அன்று ஒரு பெண்ணின் இரண்டு கைகள் செய்தன. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாமல் போச்சு.

பிறகு வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் வந்தார். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் 1871-ல் பெரிய மீன் காட்சியகம் அமைத்தார். காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிதாக, வெளிச்சம் படாத நீர்த்தேக்கம் ஒன்றைக் கீழே கட்டி, பம்பு வைத்துத் தண்ணீரைச் சுற்றிவர விட்டார். பார்க்கிறவர் கண்ணுக்குச் சின்னத் தொட்டி. மீனுக்கோ ஒரு குளத்துத் தண்ணீர். இரகசியம் அவ்வளவுதான். நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தியாவில் இந்த வகையில் அது முன்னோடி.

மகன் மண்ணில் கண்டது

எல்லாரும் பிராணவாயுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மீன் விடுகிற இன்னொரு பொருளை மறந்துவிட்டார்கள். அதுதான் அம்மோனியா. மாட்டுத் தொழுவத்தில் மூத்திரம் தேங்கிய இடத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாயு. மாடு யூரியாவாக வெளியேற்றுகிறது. அது பிறகு அம்மோனியாவாகிறது. மீன் பெரும்பாலும் நேரடியாக அம்மோனியாவாகவே, செவுள் வழியாக, நாள் முழுக்க விட்டுக்கொண்டிருக்கிறது. தின்னாமல் கிடக்கிற தீனி அழுகினாலும் அதேதான்.

இந்த அம்மோனியா எங்கே போகிறது? பதில் மீன் தொட்டியிலிருந்து வரவில்லை. சாக்கடையிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தது. 1877-ல் பிரான்சில் ஷ்லேசிங், மூன்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெதுவாக வடியவிட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் ஆகவில்லை. மேலே ஊற்றின அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அப்புறம் நைட்ரேட் தலைகாட்டியது; கொஞ்ச நாளில் அம்மோனியா அத்தனையும் நைட்ரேட்டாகிவிட்டது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். வேலை நின்றுபோச்சு. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள். மறுபடி ஆரம்பித்தது. மயக்க மருந்தில் நிற்கிறது, மண்ணைச் சேர்த்தால் பிழைக்கிறது என்றால், அது உயிருள்ளதாகத்தானே இருக்க வேண்டும்?

இதைக் கையில் எடுத்துக்கொண்டவர் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் தொட்டி வைத்தவரின் மகன். தகப்பன் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை நிரப்பியபோது மகன் சின்னப் பையன். தகப்பன் 1867-ல் காலமானார். மகன் 1878 முதல் பல வருஷம் வயல் மண்ணைச் சோதித்து, இந்த வேலை இரண்டு படியாக நடக்கிறது என்று காட்டினார். ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890-ல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி அதைச் சாதித்தார். இவை சோறு தின்னாத உயிர்கள். அம்மோனியாவை எரித்துக் கிடைக்கிற சக்தியிலேயே வாழ்கின்றன.

தகப்பன் தொட்டியில் மீன் பிழைத்ததற்குச் செடியும் நத்தையும் மட்டும் காரணம் இல்லை. அவர் போட்ட மணலிலும் சேற்றிலும், கண்ணுக்குத் தெரியாமல், மகன் பிற்பாடு கண்டுபிடித்த அந்தக் கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது.

நீங்கள் இந்த உயிர்களுக்கு அந்நியர் இல்லை. யூரியாவோடு வேப்பம்புண்ணாக்கைக் கலந்து போடுகிறோமே, எதற்கு? யூரியாவிலிருந்து வருகிற அம்மோனியாவை இந்த நுண்ணுயிர்கள் அவசரமாக நைட்ரேட்டாக்கி, அது தண்ணீரோடு போய்விடாமல் இருக்கத்தான். வேம்பு அவற்றின் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுகிறது. 2015-ல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானதும் இதனால்தான். வயலில் அடக்கிவைக்கிற அதே வேலையாளைத் தொட்டியில் சோறு போட்டு வளர்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வசதி கூடியது, கூட்டமும் கூடியது

விஞ்ஞானம் இவ்வளவு சொல்லியும் தொட்டி வளர்ப்பவர்கள் காதுக்கு அது சீக்கிரம் எட்டவில்லை. 'செடியும் மீனும் சமநிலை' என்ற கொள்கையே நூறு வருஷம் நின்றது. 1949-ல் நியூயார்க் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ், இந்தச் சமநிலை வெறும் கட்டுக்கதை என்று துணிந்து எழுதினார். தொட்டிக்குள் காற்று வருவதும் போவதும் முக்கியமாக நீரின் மேற்பரப்பு வழியாகத்தான்; செடி இராத்திரியில் தானும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் என்பது வாதம்.

இதற்குள் மின்சார ஏர் பம்பு வந்துவிட்டது. சரளைக்கு அடியில் வைக்கிற ஃபில்டர், பிறகு ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாம் வந்தன. காற்றும் தண்ணீரும் சரளை வழியாக, ஸ்பாஞ்ச் வழியாக ஓடும்போது நுண்ணுயிர்கள் அங்கே குடியேறிப் பெருகின. பழைய தொட்டியில் இரண்டு மீன் வாழ்ந்த இடத்தில் எட்டுப் பத்து மீன் வாழ முடிந்தது. நல்லதுதானே? ஆனால் மனுஷன் அதோடு நிற்பானா? கிடைத்த இடத்திலெல்லாம் இன்னும் மீனை விட்டான். பம்பு கொடுத்த பாதுகாப்பை மீன் எண்ணிக்கை தின்றுவிட்டது. இரண்டு மீன் தொட்டியில் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது. இருபது மீன் தொட்டியில் இராத்திரி கரண்ட் போச்சு என்றால் விடிவதற்குள் கதை முடிந்துவிடும். நெருக்கமாக அடைத்த தொட்டியில் உயிர் பம்பின் ஓட்டத்தை நம்பி நிற்கிறது.

ஆராய்ச்சி இன்னும் ஓடுகிறது. பாடப்புத்தகங்கள் பல வருஷமாக நைட்ரோபாக்டர் என்ற உயிரின் பெயரைச் சொல்லி வந்தன. 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மீன் தொட்டிகளைச் சோதித்தபோது, நைட்ரைட்டை மாற்றுகிற வேலையை அங்கே செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்று கண்டார்கள். 2015-ல் அதைவிட ஆச்சரியம். அதே நைட்ரோஸ்பைரா இனத்தில் சில, இரண்டு படி வேலையையும் ஒற்றை ஆளாகவே முடிக்கின்றன என்று தெரிந்தது. அதைக் கண்டவர்களில் ஒரு குழு நெதர்லாந்தில் இருந்தது. அவர்களுக்கு அந்த உயிர் கிடைத்தது ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரில். வாரிங்டன் காலத்தில் மண் தொட்டிக்குப் பாடம் சொன்னது. இப்போது தொட்டி திருப்பிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஒரு சிட்டிகைத் தீனியின் கணக்கு

இனி நம் தொட்டிக்கு வருவோம். இரண்டடித் தொட்டியில் கல், மணல் போக உண்மையில் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். நாளைக்கு 1 கிராம் தீனி போடுகிறீர்கள். வழக்கமான தீனியில் 1 கிராமுக்குச் சுமார் 30 மில்லிகிராம் அம்மோனியா-நைட்ரஜன் வெளிவரும் என்பது மீன் பண்ணைக் கணக்கு. 50 லிட்டரில் அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். நுண்ணுயிர் இல்லாத புதுத் தொட்டியில் நாலு நாளில் 2.4 மில்லிகிராம் சேர்ந்துவிடும்.

அம்மோனியா முழுவதும் நஞ்சு இல்லை. அதில் ஒரு பகுதிதான் கொல்லும். எவ்வளவு என்பது தண்ணீரின் காரத்தைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றில் அரைப் பங்குகூடத் தாண்டியதும் நிற்கும். பி.எச். 8 என்றால் நூற்றுக்கு ஐந்து பங்கு. பி.எச். 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நம் பக்கத்தில் பல போர்வெல் தண்ணீர் உப்பும் காரமும் உள்ளது. அதே மீன், அதே தீனி. ஆனால் கார நீரில் விஷம் பத்து மடங்கு. நாலாம் நாள் மீன் ஏன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது என்று இப்போது தெரிகிறதா?

அம்மோனியா குறைய ஆரம்பிக்கும்போது அடுத்த ஆபத்து நைட்ரைட். அது மீனின் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். இரத்தம் பழுப்பாகிப் போகும். கடைசிப் படியான நைட்ரேட் அவ்வளவு கொடியது இல்லை. ஆனாலும் சேரச் சேரக் கெடுதல். அதைத் தொட்டியிலிருந்து வெளியேற்ற நம் கையில் உள்ள சுலபமான வழி தண்ணீர் மாற்றுவதும் செடி வளர்ப்பதும்தான்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, புதுத் தொட்டியில் அவசரம் கூடாது. ஷ்லேசிங்கின் மணலுக்கு இருபது நாள் ஆச்சு. நம் தொட்டிக்கு நாலு முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு மூன்று மீன். வாரம் போகப் போக ஒன்றிரண்டாகச் சேர்க்கலாம். நன்றாக ஓடுகிற பழைய தொட்டி பக்கத்து வீட்டில் இருந்தால், நோய் இல்லாத தொட்டிதானா என்று பார்த்து, அதன் ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டியில் பிழிந்துவிடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி.

இரண்டாவது, ஏற்கெனவே நெருக்கமாகிவிட்ட தொட்டியில் முதல் வைத்தியம் தீனியைக் குறைப்பது. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும். வளர்ந்த மீன் இரண்டொரு நாள் பட்டினி கிடந்தால் சாகாது. அழுகின தீனியால்தான் சாகும். மீதியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் மாற்றுவது. வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால், ஒரு வாரத்தில் உண்டாகிற நைட்ரேட்டைப்போல் நாலு மடங்கு வரை சேர்ந்து அங்கே நிற்கும். பாதி மாற்றினால் இரண்டு மடங்கில் நிற்கும். ஆகவே மீனை இரட்டித்தால் மாற்றுகிற தண்ணீரையும் இரட்டிக்க வேண்டும். இதில் தப்பிக்க வழி இல்லை. மீன் திணறுகிறது என்றால் ஒரே நாளில் முழுவதையும் கொட்டாதீர்கள். தினம் கால் பங்கு மாற்றுங்கள். வெப்பமும் காரமும் திடீரென்று மாறினால் அதுவே மீனைக் கொல்லும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு ஊற்றுங்கள். குளோரின் மீனையும் கொல்லும், நுண்ணுயிரையும் கொல்லும்.

நான்காவது, ஃபில்டரைச் சுத்தம் செய்வது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஸ்பாஞ்சை எடுத்துக் குழாயடியில் சோப்புப் போட்டு வெள்ளை வெளேர் என்று அலசுகிறார்கள். மறுவாரம் மீன் சாகிறது. நாற்றங்காலைப் பிடுங்கி எறிந்துவிட்டு விளைச்சலை எதிர்பார்த்தால் ஆகுமா? தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு தடவை பிழிந்தால் போதும். சரளையையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். கண்ட மருந்தையும் ஊற்றாதீர்கள். கிருமியைக் கொல்கிற மருந்து வேலையாளையும் கொல்லும்.

ஐந்தாவது, நைட்ரைட் தொல்லை என்று தெரிந்தால் லிட்டருக்கு 1 கிராம் வரை கல்லுப்பைக் கரைத்து விடலாம். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். கப்பி, மோலி, தங்கமீன் இதைத் தாங்கும். கெளுத்தி இனமும் சில செடிகளும் அவ்வளவாகத் தாங்காது, பார்த்துச் செய்யுங்கள்.

ஆறாவது, கரண்ட் போனால் என்ன செய்வது? பாட்டரியில் ஓடுகிற சின்னப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள். அதுவும் இல்லையா? சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். அன்னா தின் வீட்டு வேலைக்காரப் பெண் காட்டிய வழி இன்றும் செல்லும். அந்த நேரத்தில் தீனி மட்டும் போடவே கூடாது.

கடைசியாக, மீன் மிகுதி என்றால் யாருக்காவது கொடுங்கள், கடைக்காரரிடம் திருப்பிக் கேளுங்கள், இன்னொரு தொட்டி வையுங்கள். பாவம் என்று ஏரியிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்களே, அந்த முதுகில் ஓடுள்ள தென்னமெரிக்க மீன், அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் புகுந்து பெருகிவிட்டது. நம் மீனவர் வலையைக் கிழிக்கிறது. நாட்டு மீனின் இரையில் பங்குக்கு வருகிறது. ஒரு தொட்டியின் நெருக்கடியை ஊர் ஏரியின் தலையில் கட்டக் கூடாது.

மாற்றி எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதில் இருப்பது நைட்ரேட், செடிக்கு உணவு. உப்புக் கலக்காத தண்ணீர் என்றால் கீரைப் பாத்திக்கும் பூந்தொட்டிக்கும் ஊற்றுங்கள். மீன் விட்டதை மண் வாங்கிக்கொள்ளட்டும்.

ஏக்கருக்கு இத்தனை நாற்று, இத்தனை இடைவெளி என்று நமக்குத் தெரியும். அதற்கு மேல் நட்டால் விளைச்சல் கூடாது, பூச்சிதான் கூடும் என்றும் தெரியும். தொட்டிக்கும் அதே கணக்குதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மீனுக்குப் போடுகிற தீனிக்கும் பொருந்தும், மீனுக்கும் பொருந்தும். உங்கள் வீட்டுத் தொட்டியில் இன்று எத்தனை மீன் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதே அளவுப் பாத்திரத்தில் வாரிங்டன் இரண்டே மீன் விட்டார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.